தாடையில ஒரு திருகாணி

வா பேராண்டி, உக்காரு. என்ன, ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு வாற? வாயத் தொற பாப்போம். ஆங்... கீழ் வரிசையில கடவாப்பல்லு ஒன்னக் காணோமே. எங்கன தொலச்ச? நல்லி எலும்புலயா, சோடா பாட்டில் மூடியிலயா? மூடின்னா மெதுவாச் சொல்லு. ஒங்க ஆச்சி காதுல விழுந்துரும்.

அது என்ன கையில, கல்யாணப் பத்திரிக்கை கணக்கா வழவழன்னு? பல்லாஸ்பத்திரியில குடுத்ததா? "ஸ்மைல் டிசைன்"னு போட்டிருக்கான். கோலத்துக்கு டிசைன் பாத்திருக்கேன், சீலைக்கு டிசைன் பாத்திருக்கேன். சிரிப்புக்கும் வந்தாச்சாக்கும்? படத்துல இளிக்கறவன் பல்லப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச கோயில் மதிலு மாதிரி. அந்த வாயி ஒரு நாளாவது கூழு குடிச்சிருக்குமா?

அங்கன காப்பி மிஷினு இருக்கு, மீன் தொட்டி இருக்கு, சோபாவுல உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுங்கற. சரி. ஒந்தாடையில எலும்பு எம்புட்டு இருக்குன்னு கேட்டியா? கேக்கல. மாட்டுத் தாவணியில பல்லப் பிடிச்சுப் பாத்து மாடு வாங்குற ஊருல பொறந்துட்டு, கொம்புல அடிச்ச வர்ணத்தப் பாத்துட்டு வந்திருக்கியே, கூறுகெட்ட பயலே.

இம்பிளான்ட்டுன்னா என்னன்னு தெரியுமா? "பல்லு நடுறது தாத்தா"ங்கற. நடுறதா? நாத்தா அது, தானா வேர் விட? பல்லே இல்லடா அது. ஒரு திருகாணி. ஒங்க ஆச்சி மூக்குத்தியில இருக்கே, அதுக்குப் பெரியண்ணன். டைட்டானியத்துல செஞ்சது. குறுக்கால 4 மில்லிமீட்டர், நீளம் 10 மில்லிமீட்டர் வாக்குல. ஒரு நெல்லுமணி நீளம்தான். அத எலும்புக்குள்ள முடுக்குறாக. எலும்பு அதப் பிடிச்சுக்கிட்ட பெறகு, அதுக்கு மேல ஒரு சின்னத் தண்டு. தண்டுக்கு மேல பல்லு மாதிரி ஒரு கேப்பு. ஆக மூணு சாமான். மூணுக்கும் மூணு விலை. இத முடிஞ்சு வச்சுக்க, பில்லு வரும்போது வேணும்.

இரும்பத் துப்பிப்போடுற ஒடம்பு இத மட்டும் ஏன் பிடிச்சுக்கிடுதுங்கற? அது ஒரு வேடிக்கை. ஸ்வீடன் தேசத்துல பிரானெமார்க்குன்னு ஒரு டாக்டரு. பல்லு டாக்டரே கிடையாது. 1952 வாக்குல முயலு கால் எலும்புக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்க, டைட்டானியத்துல சின்னக் கூடு செஞ்சு உள்ள வச்சாரு. சோலி முடிஞ்சு கழத்தப் பாத்தா வரமாட்டேங்குது. எலும்பு கவ்விப் பிடிச்சிருச்சு. நம்மாளா இருந்தா முயலையும் ஏசி, டைட்டானியத்தையும் ஏசி, குறட்டை எடுத்துட்டு வந்து புடுங்கிப் போட்டிருப்பான். அவரு ஒக்காந்து யோசிச்சாரு. 1965ல மொத மனுசன் தாடையில வச்சாரு. அந்த ஆளு 2006ல சாகுற வரைக்கும், 40 வருசம், அது வாயிலயே கெடந்துச்சு. ஆனா மத்த டாக்டர்மாரு நம்புனாகளா? 1982ல கனடாவுல, டொராண்டோவுல ஒரு மாநாடு கூட்டுன பெறகுதான் ஒத்துக்கிட்டாக. முயலு ஒத்துக்கிட்டு முப்பது வருசம் கழிச்சு டாக்டர்மாரு ஒத்துக்கிட்டாக.

அதுக்கு முன்னயும் மனுசன் சும்மா இருக்கல. அமெரிக்காவுக்குத் தெக்க ஹோண்டுராஸ்ல, 1931ல ஒரு பழைய தாடையத் தோண்டி எடுத்தாக. சிப்பியத் தேச்சு முன்பல்லு மாதிரி மூணு அடிச்சு வச்சிருக்கு, எலும்பு அதச் சுத்தி வளந்தும் இருக்கு. ஏறக்குறைய 1,400 வருசத்துக்கு முந்துன சோலி. காப்பி மிஷின் இருந்ததா தாக்கல் இல்ல.

சரி, இப்பச் சொல்லு. ஒனக்கு அது வேணுமா?

முழிக்காத. வாழைத்தாருல ஒரு காயி இல்லன்னா தாரு விக்காமலா போவும்? ஜப்பான்ல 1989லருந்து ஒரு ஏற்பாடு நடத்துறாக: 80 வயசுல 20 சொந்தப் பல்லு இருக்கணும், அம்புட்டுதான் குறி. 32 பல்லும் வேணும்னு அவன் கேக்கல. கடைசிக்கும் கடைசியா மொளைக்கற ஞானப்பல்லு போச்சுன்னு திருகாணி முடுக்கப் போறவன் இருக்கான் பாரு, அவனுக்கு அந்தப் பல்லு இருந்தப்பவே ஞானம் வரல. கடைசிக்கு முந்துன பல்லு போனாலும், மிச்சத்த வச்சு நல்லா மெல்ல முடியுதுன்னா பொறுத்துப் பாக்கலாம். ஒனக்குப் போயிருக்கறது மெல்லுற எடத்துல, நடுவால. அதச் சும்மா விட்டா பக்கத்துப் பல்லு ரெண்டும் சாயும், மேல இருக்கற பல்லு கீழ எறங்கப் பாக்கும். புஞ்சையில வேலி போன எடத்துல பக்கத்துக்காரன் மெல்ல மெல்ல வரப்பத் தள்ளி வைப்பான்ல, அதே கத தான். அதனால அடைக்கணும்.

அடைக்கறதுக்கு ஒரே வழியா? கழட்டி மாட்டுற ஒத்தப்பல்லு இருக்கு, சல்லிசு, ஆனா நாக்குக்கு எப்பவும் விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். பிரிட்ஜு இருக்கு, ரெண்டு பக்கத்துப் பல்லையும் தேச்சு, தூணாக்கி, நடுவுல பாலம் போடுறது. ரெண்டு பக்கத்துப் பல்லும் ஏற்கெனவே அடைச்சது, கேப்பு போட்டதுன்னா பிரிட்ஜு நல்ல வழி. ரெண்டும் வைரங் கணக்கா இருந்தா, ஒருத்தன் வீட்டுக்காக ரெண்டு வீட்டுச் செவுத்த இடிப்பானேன்? அப்ப திருகாணி நல்லது. எதுக்கு எதுன்னு டாக்டரே ஒக்காந்து சொல்லணும். மூணு வழியில ஒரு வழியத்தான் சொல்லுதாருன்னா, கடையில அந்த ஒரு சரக்குத்தான் இருக்குன்னு அர்த்தம்.

இதவிடப் பெரிய சங்கதி ஒன்னு. ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்தக்கூடிய பல்லப் புடுங்கிட்டு, "இம்பிளான்ட்டு போட்டுரலாம், ஒரேயடியா நிம்மதி"ன்னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துரு. மொளச்ச மரத்த வெட்டிட்டுப் பிளாஸ்டிக் மரம் நடுறவன் அவன். இன்னொரு டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேளு. பொண்ணு பாக்க நாலு வீடு போறோம், பல்லுக்கு ரெண்டு வீடு போகக் கூடாதா?

இப்ப மண்ணப் பத்திப் பேசுவோம். நான் சம்சாரி. விதைய விக்கறவன் விதையப் பத்தித்தான் பேசுவான். சம்சாரி மண்ணத்தான் மொதல்ல கிள்ளிப் பாப்பான். நீ என்ன பண்ணியிருக்க? திருகாணி கொரியாவா சுவிஸா ஸ்வீடனான்னு கேட்டுட்டு வந்திருக்க. பொண்ணுக்கு நகை எந்தக் கடையிலன்னு கேட்டுட்டு மாப்பிள்ள யாருன்னு கேக்காம வந்த கத.

பல்லப் புடுங்குன எடத்துல எலும்பு சும்மா கெடக்காது. தரிசு போட்ட கரிசக்காட்டுல உடை மரம் மொளைக்கற வேகத்துக்குக் கொறயும். மொத ஆறு மாசம், ஒரு வருசத்துலதான் அதிகம் சுருங்கும். மெல்லுற சோலி இல்லன்னா எலும்பு தன்னால வாடிரும். ஒனக்குப் புடுங்கி எம்புட்டு நாளாச்சு? ரெண்டு மாசமா? பரவால்ல. உங்க பெரியப்பன் மாதிரி பத்து வருசம் கழிச்சுப் போயி ஒக்காந்தா, எலும்பு கத்தி முனை மாதிரி மெலிஞ்சு நிக்கும். அதுல திருகாணி எங்க முடுக்க?

இத வெறுங்கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. ஓபிஜின்னு ஒரு எக்ஸ்ரே, முழுத் தாடையும் ஒரே படத்துல விழும். அதுல உயரம் தெரியும், அகலம் தெரியாது. அகலம் பாக்கணும்னா சிபிசிடி ஸ்கேன் வேணும். கீழ்த் தாடையில உள்ளுக்குள்ளயே ஒரு நரம்பு ஓடுது, கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு. திருகாணி அதுக்கு 2 மில்லிமீட்டராவது தள்ளி நிக்கணும். தொட்டுட்டா உதடு மரத்துப் போவும், சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாது. சிலருக்குச் சரியாவும், சிலருக்கு ஆவாது. மேல் தாடையில பின்பக்கம், கன்னத்துக்கு உள்ள காத்து அறை ஒன்னு இருக்கு. அங்க எலும்பு கம்மின்னா, அறைத் தரையத் தூக்கி எலும்பு நிரப்புவாக. ஸ்கேனும் எடுக்காம, படத்தையும் காட்டாம, "அட்வான்ஸக் கட்டுங்க"ன்னு சொன்னா, கெணத்துக்கு எடம் பாக்காமலே ரிக்கு வண்டியக் கொண்டுவந்து நிறுத்துற ஆளுன்னு தெரிஞ்சுக்க.

எலும்பு நிரப்புறதுன்னு சொன்னேனா, அதுலயும் ஒரு கூத்து. எந்த எலும்பு? ஒன் சொந்த எலும்புலருந்தே எடுக்கலாம். தானமா வந்த மனுச எலும்பு இருக்கு. மாட்டெலும்பச் சுத்தம் பண்ணிப் பொடியாக்குனது இருக்கு. செயற்கையாச் செஞ்சதும் இருக்கு. எங்க காலத்துக் கணக்கு வாத்தியாரு ஒருத்தரு, முட்டை போட்ட கேக்கக்கூடத் தொடமாட்டாரு. அவருக்கும் எலும்பு நிரப்பி, எல்லாம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுப் பழைய ஃபைல எடுத்துப் பாத்தா, தாடைக்குள்ள மாடு. பாவம், ஒரு வாரம் பேசல. எம்பேச்சக் கேளு, ஒனக்கு மனசுல ஒரு கோடு இருந்தா முன்னாடியே கேட்டுரு. பின்னாடி கேட்டா எலும்பு கலந்துரும், பிரிக்க முடியாது.

மண்ணுன்னா எலும்பு மட்டுமா? ஒடம்பு முழுக்க மண்ணுதான். சக்கரை இருக்கா? "கொஞ்சமா இருக்கு"ங்காத. கொஞ்சமா கர்ப்பம்னு உண்டா? மூணு மாசச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதன இருக்கு, எச்பிஏ1சின்னு. அது 7க்குப் பக்கத்துல நின்னா டாக்டருக்கு நிம்மதி. 9, 10ன்னு ஏறிக் கெடந்தா, "மொதல்ல சக்கரையக் கட்டிட்டு வாப்பா"ன்னு திருப்பி அனுப்பணும். அனுப்பாத டாக்டரு ஒனக்கு நல்லவரு இல்ல. சக்கரை கட்டுல இருந்தா தாராளமாப் போடலாம். சக்கரைக்காரனுக்கு ஆகவே ஆகாதுன்னு திண்ணையில சொல்றவன் பேச்சையும் நம்பாத.

பீடி? என்ன, தலையச் சொரியற? பொகை போனா ஈறுக்கு ரத்தம் கொறயும். பொகை பிடிக்கறவன் வாயில திருகாணி பிடிக்காமப் போறது மத்தவனவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 40,000 ரூவாயத் தாடையில வச்சுட்டு அது மேல பொகை மூட்டம் போடுறது, புதுசாக் கூரை வேஞ்சுட்டு அதுக்குள்ளயே நெருப்பு வளக்கற மாதிரி. விட முடியலன்னா அத வெக்கப்படாம டாக்டருகிட்டச் சொல்லு. டாக்டருகிட்டயும் வக்கீலுகிட்டயும் பொய் சொன்னா யாருக்கு நட்டம்?

அப்புறம் மாத்திரை. ஒங்க ஆச்சிக்கு எலும்பு தேயுதுன்னு வாரத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தாகளே, நெனப்பு இருக்கா? அந்த வகை மாத்திரை, ஊசி போட்டவுக தாடையில கை வச்சா, சிலருக்கு எலும்பு ஆறாமச் செத்துப் போவும். புத்துநோய்க்கு அதே வகை ஊசி போட்டவுகளுக்கு இன்னும் அதிகம். தாடையில கதிர் வைத்தியம் பண்ணவுகளுக்கும் அப்படித்தான். பல்லுக்கும் முதுகெலும்புக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சு மறைச்சிராத. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவன், பல்லு வைக்கப் போறோம்னு தானா நிறுத்திறக் கூடாது. நெஞ்சு டாக்டரும் பல்லு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். நம்ம சோலி வாயத் தொறக்கறது மட்டும்.

ஒந்தங்கச்சி மகன் சைக்கிள்ல விழுந்து முன்பல்ல ஒடச்சுக்கிட்டான்ல, பன்னெண்டு வயசு, அவனுக்கும் இத வச்சுரலாமான்னு கேட்டியாமே. வேண்டாம். தாடை வளந்து முடியணும், பதினெட்டாவது தாண்டணும். வளருற தாடையில மத்தப் பல்லெல்லாம் கூடவே எறங்கும். திருகாணி வச்ச எடத்துலயே நிக்கும். மூணு வருசத்துல அந்த ஒரு பல்லு மட்டும் பள்ளத்துல நிக்கற பய மாதிரி தெரியும்.

"மூணே நாள்ல பல்லு"ன்னு போர்டு பாத்தேன்ங்கற. நானும் பாத்திருக்கேன், பஸ்ஸு முதுகுலயே ஒட்டியிருந்துச்சு. பொய்யின்னு சொல்ல மாட்டேன். எலும்பு கெட்டியா இருந்து, திருகாணி இறுக்கமா உக்காந்தா, அன்னைக்கே தற்காலிகமா ஒரு பல்லு மாட்டுறதும் உண்டு. பல்லே இல்லாத தாடைக்கு நாலு திருகாணி முடுக்கி முழு வரிசையையும் ஒரே நாள்ல நிறுத்துறதும் உண்டு. ஆனா எலும்பு திருகாணியப் பிடிக்க மூணு மாசமோ ஆறு மாசமோ ஆவும். கீழ்த் தாடை எலும்பு கெட்டி, சீக்கிரம் பிடிக்கும். மேல் தாடை பஞ்சு மாதிரி, நேரமெடுக்கும். போர்டு எழுதுனவனுக்கு அவசரம், எலும்புக்கு என்ன அவசரம்?

துபாய்லருந்து ஒரு மாச லீவுல வந்தான் ஒரு பய, எனக்கு மருமகன் மொற. வந்தமா, குலசாமிக்குக் கெடா வெட்டுனமா, பொண்ணு பாத்தமா, பல்லு வச்சமான்னு எல்லாத்தையும் ஒரே டிக்கெட்டுல முடிக்கப் பாத்தான். முன்பல்லு. ஒரு எடத்துல அன்னைக்கே வச்சு, "ஆறு வாரம் இதுல எதையும் கடிக்காதீங்க"ன்னு சொல்லி விட்டாக. இவன் கெடா வெட்டுல என்ன பண்ணுனான்? கேக்கணுமா? துபாய் போயி எறங்குன ரெண்டாவது வாரம் திருகாணி ஆடுது. அங்க இருக்கற டாக்டரு, "இது எந்தக் கம்பெனி, எந்த அளவு, தெரியாம எதைக் கொண்டு கழத்த?"ங்காரு. இவங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. பொண்ணும் அமையல. பல்லால இல்ல, அது வேற கத.

அதனாலதான் சொல்றேன், சீட்டு வாங்கு. திருகாணி டப்பாவுலயே ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பேரு, அளவு, தொகுதி எண் எல்லாம் அதுல அச்சாகியிருக்கும். அத ஒட்டி, பல்லு எண்ணு, தேதி போட்டு ஒரு அட்டை குடுப்பாக. குடுக்கலன்னா கேளு. இருவது வருசம் கழிச்சுத் தண்டு தளந்துச்சுன்னா, எந்த ஊரு டாக்டரும் அதப் பாத்துத்தான் சரியான முடுக்கியத் தேடுவாரு. மோட்டாருக்கு வாரண்டி சீட்ட டிரங்குப் பெட்டியில பூட்டி வைக்கறியே, வாயிக்குள்ள இருக்கற மோட்டாருக்கு வேண்டாமா?

துட்டு. இதச் சொல்லாமப் போனா நீ ராத்திரி தூங்க மாட்ட. நம்ம பக்கம் ஒரு பல்லுக்கு 20,000லருந்து 50,000 வரைக்கும் சொல்றாக, ஊரப் பொறுத்து, சாமானப் பொறுத்து. கீழ போட்டும் சொல்லுவான், மேல போட்டும் சொல்லுவான். ஆனா 15,000ன்னு போர்டுல போட்டிருக்கானே, எதுக்கு 15,000? திருகாணிக்கு மட்டுமா? தண்டும் கேப்பும் சேத்தா? ஸ்கேனு தனியா? எலும்புப் பொடி தனியா? மாட்டுக்கு ஒரு விலை சொல்லி, கவுத்துக்குத் தனி விலை, லாடத்துக்குத் தனி விலைன்னு தரகன் சொன்னா நீ சும்மா விடுவியா? ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதித் தரச் சொல்லு. "லைஃப் டைம் கேரண்டி"ன்னா, எதுக்குன்னு கேளு. திருகாணி ஒடஞ்சா புதுத் திருகாணி தருவான் கம்பெனிக்காரன். ஒன் எலும்பத் தருவானா? மறுபடி வைக்கற கூலி யாரு தருவா? அதோட, யாரோட லைஃபு அது, ஒனக்கா, கிளினிக்குக்கா?

துட்டு தட்டுப்பாடுன்னா மாசத் தவணையில தல குடுக்கறதுக்கு முன்னால, பல்லு மருத்துவக் கல்லூரி எதையாவது ஒரு எட்டுப் பாரு. சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953லருந்து இருக்கு. படிக்கற பிள்ளைக செய்வாக, பக்கத்துல வாத்தியாரு நிப்பாரு. நாளு கூடும், நாலு நடை நடக்கணும். ஆனா ஒவ்வொரு படியிலயும் ஒருத்தருக்கு ரெண்டு பேரு பாப்பாக. சோபா இருக்காது.

கை யாரோடதுன்னு பாத்தியா? போர்டுல இருக்கற பேரு ஒன்னு, கத்தி எடுக்கற கை இன்னொன்னா இருக்கும். சின்ன ஊருல ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மதுரையிலருந்து காருல வந்து முடுக்கிட்டுப் போற டாக்டர்மாரு உண்டு. கெட்டிக்காரக அவுக, குத்தம் சொல்லல. ஆனா திங்கக்கிழமை ராத்திரி கன்னம் வீங்குனா யாருக்குப் போன் போட? அதக் கேட்டு வச்சுக்க. பி.டி.எஸ். அஞ்சு வருசம், அதுக்கு மேல எம்.டி.எஸ். மூணு வருசம். பல்லு கட்டுறவுக, ஈறு வைத்தியம் பாக்கறவுக, தாடை அறுவை செய்யறவுக, இந்த மூணு எம்.டி.எஸ். கூட்டமும் இந்தச் சோலியச் செய்யறாக. பி.டி.எஸ். முடிச்சுத் தனியாப் பழகுனவுகளும் செய்யறாக. மாநிலப் பல் மருத்துவ கவுன்சில்ல பதிஞ்ச எண்ணு இருக்கணும், அது அடிப்படை. அதுக்கு மேல, "இதுவரைக்கும் எத்தன பேருக்கு வச்சிருக்கீக, வச்சது கழண்டா என்ன பண்ணுவீக"ன்னு மரியாதையாக் கேளு. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல பத்து வருசம் தாண்டி நிக்குது, உண்மைதான். ஆனா கழண்டதே இல்லன்னு சொல்றவரு ஒன்னு புதுசா வந்தவரா இருக்கணும், இல்ல மறதிக்காரரா இருக்கணும்.

வலிக்குமாங்கற. இம்புட்டு நேரமும் இதத்தான கேக்க நெனச்ச? மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செய்வாக. புடுங்குனப்ப வலிச்சதவிடக் கம்மியாத்தான் இருக்கும். கொரகொரன்னு சத்தம் கேக்கும். நம்ம போர்வெல் ஓடுறப்ப தண்ணி ஊத்திக்கிட்டே துளைப்பான்ல, அதே மாதிரி உப்புத்தண்ணி அடிச்சுக்கிட்டே மெல்லமாத் துளைப்பாக. 47 டிகிரிக்கு மேல ஒரு நிமிசம் சூடு ஏறுனா எலும்பு செத்துப்போவும், அதான். ரெண்டு மூணு நாளு வீக்கம் இருக்கும். வென்னித்துணி வைக்காத, மொத நாளு ஐஸு வையி. கூழு, கஞ்சி, இட்லி. ஒரு வாரம் தாண்டியும் வலி ஏறிக்கிட்டே போனாலும், உதட்டு மரப்பு மறுநாளும் விடலன்னாலும், "தன்னால சரியாயிரும்"னு காத்திராத. ஒடனே போ.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா அங்கதான் வெள்ளாமை ஆரம்பிக்குது. வெதச்சுட்டுக் களை எடுக்காதவன் அறுவடைக்கு அருவாளத் தூக்கிட்டுப் போன கத தெரியுமா? திருகாணியில சொத்தை விழாது, வாஸ்தவம். ஆனா அதச் சுத்தியிருக்கற ஈறு சீழ் பிடிக்கும், கீழ எலும்பு கரையும். சொந்தப் பல்லுக்கு வேருக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிசுச் சவ்வு இருக்கு. அழுத்தம் தெரிய வைக்கறதும் அதுதான், கிருமி வந்தா மொதல்ல சண்ட போடுறதும் அதுதான். திருகாணிக்கு அது கெடையாது. அதனால கல்லக் கடிச்சாலும் சரியாத் தெரியாது, கெடுதல் வந்தாலும் வலிக்காமலே வரும். பிரஷ் பண்றப்ப ரத்தம் வந்தா அதுதான் மொதத் தாக்கல். கேப்ப ஒட்டுற பசை கொஞ்சம் ஈறுக்குள்ள தங்குனாலும் இதே கேடுதான். அதனால ஒட்டுற கேப்பா, ஆணி வச்சு முடுக்குற கேப்பான்னு கேட்டு வையி. முடுக்குனதுன்னா பின்னால கழட்டிப் பாக்கலாம்.

ராத்திரி பிரஷ்ஷு. பல்லிடுக்குக்குன்னே பாட்டில் கழுவுற பிரஷ்ஷோட குட்டி மாதிரி ஒன்னு விக்குது, அதையும் வாங்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போயிக் காட்டு. "சொந்தப் பல்லத் தேய்க்க நேரமில்லாமத்தான் திருகாணிக்கு வந்தேன்"ன்னு சொன்னான் ஒருத்தன். அவன என்ன சொல்ல? மாடு கட்டத் துப்பில்லாதவன் யானை வாங்குனானாம்.

இம்புட்டும் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கற. மொகத்துலயே எழுதியிருக்கு. எம்பல்லு எல்லாம் போயி வருசம் பதினாலு ஆச்சு பேராண்டி. மேல் பல்செட்டு ஒழுங்கா அண்ணாக்குல ஒட்டிக்கிடும். கீழ்ப் பல்செட்டு இருக்கே, கண்மாயில தக்கை மாதிரி மெதக்கும். பேசுனா ஏறும், சிரிச்சா எறங்கும். பஞ்சாயத்துல ஒருத்தன ஏசப் போயி, பல்செட்டு வெளிய வந்து விழுந்து, ஏச்சு வாங்க வேண்டியவனே எடுத்துக் குடுத்தான். அதோட எனக்கு ஏச வாயில்லாமப் போச்சு.

ஒங்கத்த கூட்டிட்டுப் போனா. ஆறு எட்டுன்னு கேக்கல டாக்டரு. கீழ் முன்தாடையில ரெண்டே திருகாணி. பழைய பல்செட்டுக்கு அடியில ரெண்டு குழி பறிச்சு ரப்பர் வளையம் வச்சாரு. சட்டையில அமுக்குற பட்டன் மாதிரி டிச்சுன்னு உக்காருது. கீழ ஒத்தப் பல்லும் இல்லாதவுகளுக்கு மொதல்ல சொல்ல வேண்டிய வைத்தியமே இதுதான்னு 2002லயே கனடாவுல, மான்ட்ரியல்ல கூடி எழுதி வச்சிருக்காகளாம், அவருதான் சொன்னாரு. ராத்திரி கழட்டிக் கழுவித் தண்ணியில போடுறேன். வளையம் தேஞ்சா மாத்திக்கிடணும், போன பங்குனியில மாத்துனேன்.

இப்பக் கோவில்பட்டிக் கடலமிட்டாய எப்படித் திங்கறேன்னு பாக்கறியா? ஒங்கத்த ஒளிச்சு வச்சிருக்கா, மாடத்துல, குங்குமச் சிமிழுக்குப் பின்னால. ஓசப்படாம எடு. எடுக்கறப்ப ரேசன் கார்டு உறையையும் எடுத்துட்டு வா. அதுக்குள்ளதான் என் திருகாணி அட்டை இருக்கு. எந்த தேசத்துச் சாமான்னு அதுல போட்டிருக்காம், நாலு வருசமா நான் படிக்கவே இல்ல.